மூட்டைத் தையலில் ஒரு தேதி

விலையை முதலில் பார்ப்பவர்களுக்கு
லோர்ன் கடையில் முன்வரிசை இருக்கிறது.
நான் பின்வரிசைக்காரி.
இரவெல்லாம் பனி வழித்த வண்டியை
வாசலில் உறுமவிட்டு
ஈரக் கையுறையைப் பல்லால் கழற்றி
மூட்டைகளைப் புரட்டுகிறேன்.

அரைத்த நாள் எங்காவது ஒளிந்திருக்கும்.
தையலோரக் காகித நாடாவில்
மழையில் நனைந்த எறும்புச் சாரியாக எண்கள்.
சிலதில் மாதமே இருக்காது.
ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதை
விரல்விட்டு எண்ணிக்கொள்ள வேண்டும்.

"பாதி விலை போட்டுத் தருகிறேன், மர்டீனா."
அக்டோபரில் அரைத்தது. இது ஏப்ரல்.
கேப் பிரெட்டன் கடல்மூட்டத்தில்
ரொட்டியே மூன்று நாள் தாங்காது.
தையலைப் பிரித்து மூக்கை நுழைக்கிறேன்.
புதுத் தீவனம் என்றால்
வெயிலில் வைத்த மாவுப் பானை மணக்கும்.
இதில்
படகின் அடித்தட்டில் மறந்துபோன கயிற்றின் வாடை.
பிடித்தால் கட்டி,
உடைத்தால் பச்சைத் தூசி.

"கோழிக்குத் தெரியவா போகிறது?"
தெரியும், லோர்ன்.
சொல்லாது, அவ்வளவுதான்.
வாயில்லா ஜீவன் என்கிறோம்.
வாய்தான் அதற்கு
விடிந்தது முதல் அடைவது வரை வேலை.

என்னுடையவை ஒன்பது பெட்டைகள், ஒரு சேவல்.
ஹெக்டருடையவை ஐந்து வாத்துகளும்
யாரையும் மதிக்காத ஒரு வான்கோழியும்.
நவம்பரில் இருவரும் ஒரே கூரைக்கு வந்தோம்.
அவன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும்
ஒரு வாரச் சண்டையில்
குளியலறைக்கு முறை வகுத்துக்கொண்டார்கள்.
பறவைகளுக்குத்தான் பந்தி பிரிக்க முடியவில்லை.
வாத்தின் தட்டில் கோழி,
கோழியின் தண்ணீரில் வாத்து,
எல்லாவற்றின் மீதும் வான்கோழி.

பழக்கதோஷத்தில்
முட்டைக்கோழித் தீவனமே வாங்கிவந்தேன்.
ஓடு கட்டும் வயிற்றுக்கு
அதிலுள்ள சுண்ணாம்பு வரம்.
முட்டையே இடாத சேவலுக்கு அது
சிறுநீரகத்தில் போய் உட்காரும் சாபம்.
வாத்துக்குஞ்சு பொரிந்த அன்றும்
அதே சாக்கிலிருந்துதான் அள்ளிப் போட்டேன்.

மூன்றாம் வாரம்
நடுக்குஞ்சு முழங்காலில் குந்திவிட்டது.
மற்றவை தண்ணீருக்கு ஓட
இது சிறகால் தரையைத் துழாவியது.
ஹெக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
அதை ஒரு கம்பளிக் காலுறைக்குள் வைத்து
மேசைமேல் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.
திட்டியிருக்கலாம்.
அன்றைய சூப்பில் உப்பே தெரியவில்லை எனக்கு.

அதனால்தான் இன்று
முழங்கை தேய மூன்றாம் அடுக்கு வரை இறங்குகிறேன்.
கிடைத்துவிட்டது:
பதினோரு நாளுக்கு முன் அரைத்தது,
கலப்புக் கூட்டத்துக்கானது,
புரதம் இருபது, சுண்ணாம்பு அளவோடு.
தனியே ஒரு பை சிப்பி ஓடு.
வாத்துகளுக்கு நியாசின் வேண்டும் என்று
ஒரு டப்பா பீர் ஈஸ்ட்.
முழு விலை.
லோர்ன் தலையை ஆட்டிக்கொண்டே சில்லறை எண்ணுகிறான்.
இரண்டு மூட்டை எடுத்துப் போ என்கிறான்.
ஒன்று போதும்.
ஆறு வாரத்தில் தீராததை
வீட்டுக்குள் விடுவதாக இல்லை.

சிப்பியைத் தனிக் கிண்ணத்தில் வைத்தேன்.
தேவைப்பட்ட பெட்டைகள் வந்து கொத்தின.
சேவல் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு
சொந்த வேலையைப் பார்க்கப் போனது.
வான்கோழி கிண்ணத்தைக் கவிழ்த்தது.
திரும்ப அள்ளினேன்.
தகர டப்பாவின் மூடிமேல்
திறந்த நாளை ஹெக்டர் மையால் எழுதினான்,
கொஞ்சம் பெரிதாகவே.

ஐந்தாம் நாள் பின்னிரவில்
மறுபடி பனி என்று கூப்பிட்டார்கள்.
விளக்குப் போடாமல் காலணி தேடுகிறேன்.
சமையலறைத் தரையில்
சளப்.
கொஞ்சம் கழித்து, சளப்.
இரண்டு காலும் ஒரு சீராக இல்லை.
ஆனாலும் இரண்டு.