மல் துணி, ஒன்பது மீட்டர்

சீட்டு விழுந்துவிட்டது என்று
ஐடஹோவிலிருந்து கர்ட் எழுதியிருந்தான்.
ஒரு எல்க். எட்டாயிரம் அடிக்கு மேலே. அக்டோபர் இரண்டாம் வாரம்.
ஏலச்சீட்டில்கூடக் கடைசி மாதம்வரை
பெயர் வராத எனக்கு
ஒரு மானின் மேல் விழுந்திருக்கிறது.

மான் என்றா சொல்வது?
குதிரை உயரம். விரித்த கொம்பு ஓர் ஆள் அகலம்.
தமிழில் அதற்குப் பெயர் வைக்கும் அளவுக்கு
எங்களில் யாரும் பசியோடு அங்கே போனதில்லை.

அவுட்டர் ரிங் ரோடு கடையில்
பூட்ஸுக்கு மட்டும் மூன்று சனிக்கிழமை.
ஏறி இறங்கிப் பார்க்கச் சரிவாக ஒரு பலகை.
ஏறும்போது எல்லா ஜோடியும் நல்ல ஜோடி.
இறங்கும்போதுதான்
பெருவிரல் நகம் உண்மையைச் சொல்கிறது.
அரை சைஸ் பெரிதாக எடுத்தேன்.
"குதுரேமுக்கா மேடம்?" என்றான் பையன்.
கொஞ்சம் தள்ளி என்றேன்.

தொப்பி ஆரஞ்சு நிறம்.
மானின் கண்ணுக்கு அந்த நிறம் பிடிபடாதாம்;
துப்பாக்கியோடு வரும் இன்னொருவனுக்குப் பிடிபட வேண்டும்.
இவ்வளவு நேர்மையாக
ஒரு தொப்பியை யாரும் எனக்கு விற்றதில்லை.

பனியன், காலுறை, உள்ளாடை எல்லாம் கம்பளி.
பருத்தி கூடவே கூடாது, கர்ட் இரண்டு முறை எழுதிவிட்டான்:
வியர்வை குடித்துக் குளிர்ந்து
ஆளையே முடித்துவிடும்.
முப்பத்தாறு வருடம் என்னோடு இருந்த பருத்தி.

கத்திக்காக ரஸ்ஸல் மார்க்கெட் போனேன்.
ஞாயிற்றுக்கிழமை எலும்பு வாங்கும் முனவ்வர் கடை.
"எத்தனை கிலோ?"
முன்னூறு.
வெட்டுவதை நிறுத்தினான்.
"ஃப்ரீசர்?"
இல்லை, மலை.
"வண்டி?"
முதுகு.
"எத்தனை ஆளு?"
ரெண்டு பேர்.
கட்டையைத் துடைத்துவிட்டுச் சொன்னான்:
"கத்திய அப்புறம் பாக்கலாங்க்கா.
மொதல்ல துணி வாங்குங்க.
கறி மூச்சு விடணும்.
பிளாஸ்டிக்ல கட்டினீங்க, காலையில உங்களுக்கே ஆகாது.
மெல்லிசா, பருத்தியில."

சரிதான்.
எனக்கு ஆகாதது அதற்கு ஆகும்.

சிக்பேட்டையில் மல் துணி ஒன்பது மீட்டர்.
கிழிக்கும் முன் கன்னத்தில் வைத்துப் பார்த்து
"பிறந்தாச்சா?" என்றாள் கடைக்காரி.
அடுத்த மாசம் என்று சொல்லிவிட்டேன்.
இருபது ரூபாய் குறைத்துக்கொண்டாள்.
திரும்பக் கொடுக்க முடியாத இருபது ரூபாய்.

இப்போதெல்லாம் அதிகாலையில்
பொன்னி அரிசி இருபத்தைந்து கிலோ மூட்டையை
பை சட்டத்தில் இறுக்கி
பதினான்கு மாடி ஏறி இறங்குகிறேன்.
இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் இழுத்துவிட்டால்
தோள் பிழைத்துவிடும்.
ஒன்பதாம் மாடி ஹேமலதா கதவைத் திறந்து
"லிஃப்ட் போச்சா?" என்றார்.
ஓடுது என்றேன்.
என்னையும் மூட்டையையும் பார்த்தபடியே சாத்தினார்.

நேற்று இரவு எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பினேன்.
சுடுவதற்குத் துப்பாக்கி ஒன்று, அதுவும் கர்ட் தரும் இரவல்.
மற்றதெல்லாம் சுட்ட பிறகுக்கு:
கயிறு, கையுறை, நெற்றி விளக்கு,
கூர் போனால் மாற்றும் அலகுகள்,
ஐந்து நடைக்கான முழங்கால் பட்டை.
அந்த ஒரு நொடிக்கு
கடையில் எதுவும் விற்கவில்லை.
கேட்கவும் தெரியவில்லை.

தைத்த பைகள் ஐந்து.
நான்கு காலுக்கு நான்கு, மிச்சத்துக்கு ஒன்று.
கஞ்சி போக அலசி பால்கனியில் போட்டிருக்கிறேன்.
பெல்லந்தூர்க் காற்று
ஒவ்வொன்றிலும் தொடையளவு புகுந்து நிற்கிறது.
பறக்காமல் கிளிப் போடும்போதுதான் கவனித்தேன்,
நீளம் போதாது.
நின்று பார்த்திராத மிருகம்;
அளவுக்கு ஆள் கிடைக்காமல்
டேப்பை என் இடுப்பில் பிடித்துக்
கணுக்கால்வரை இழுத்து அளந்தது
நான்தான்.

ஐந்தையும் பிரிக்க வேண்டும்.