குறிப்புரைக்கு நாற்பது எழுத்து

மரத்துக்கு மட்டும்தான் படிவத்தில் கட்டம்.
மார்பு உயரத்தில் நாடா சுற்றி
முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால்
எழுத வேண்டாம் என்று உத்தரவு.
காலையிலிருந்து
நாற்பத்தோரு பனை, ஆறு கருவேலம், ஒரு நாவல்.
எல்லாவற்றுக்கும் சிவப்புப் பெயின்ட்டில் எண் போட்டாயிற்று.

ஆலப்பாக்கம் தாண்டி
பெருமாள் ஏரியின் மிச்சத் தண்ணீர்
வந்து படுத்துக்கொள்ளும் கோரைப் பள்ளம்.
வரைபடத்தில் தரிசு.
என் முழங்காலுக்கு மார்கழிச் சேறு.
நாடாவின் முனை நழுவ, குனிந்தேன்.

புல் என்றுதான் நினைத்தேன்.
புல்லுக்கு உதடு இருக்குமா?
வெள்ளைக்குள் நொய்யளவு மஞ்சள்,
ஒரு சாண் தண்டில் நெருக்கியடித்து ஏழெட்டு.

ஆர்க்கிட் என்றால் எனக்குத் தெரிந்தது
வடலூர் மண்டபத்தில் அக்கா நிச்சயதார்த்தத்துக்கு
பாங்காக்கிலிருந்து பெட்டியில் வந்த ஊதா.
தண்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்கினார்கள்.

படம் அனுப்பிய அடுத்த நிமிஷம்
சிதம்பரத்திலிருந்து நிலோபர் அழைத்தாள்.
அவள் குரலில் மூச்சிரைப்பு.
மிதிக்காதே.
விதை தூசி மாதிரி, அதற்குள் சோறு கிடையாது,
மண்ணிலிருக்கும் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும்.
பெயர்த்து வேறிடத்தில் வைத்தால்
மரியாதைக்கு ஒரு வருஷம் இருந்துவிட்டுச் செத்துப்போகும்.

கோரை அறுத்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சியிடம்
பேர் கேட்டேன்.
"பேரெல்லாம் இல்ல.
அறுக்கறப்ப விட்டுட்டுப் போறது."
அரிவாளைச் சேற்றில் குத்திவிட்டு யோசித்தாள்.
"தண்ணி சாம்பலா வந்த வருஷம் பூக்கல.
மறு வருஷமும் பூக்கல.
செத்துதுன்னு நெனச்சோம். கீழ கெடந்திருக்கு."

வாய்விட்டு எண்ணினேன்.
மார்பு உயரம்: பொருந்தாது.
சுற்றளவு: பூஜ்யத்தைச் செயலி ஏற்கவில்லை.
குறிப்புரைக்கு நாற்பது எழுத்து இடமிருந்தது.
'சிறு செடி, வெள்ளைப் பூ, 17.'
பச்சை டிக் விழுந்தது.
யார் படிப்பார்கள் என்று அதில் போட்டிருக்கவில்லை.

எட்டடி மண் ஏறும் என்கிறார் மேஸ்திரி,
அதற்கு மேல் ஜல்லி, அதற்கு மேல் தார்.
முதல் லாரி தை கடைசியில்.
காய் வெடித்துத் தூசி கிளம்புகிற நேரம்.

கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு
அஞ்சலாட்சி நின்ற இடத்தை விட்டு
ஒரு காலெடுத்து வைத்தாள்.
கீழே பார்த்தாள்.
"ரெண்ட என் காலு மறச்சிடுச்சும்மா.
பத்தொம்போதுன்னு போடு."