வலது மூலையில் ஒரு மின்னல்

சீட்டுக்கட்டு அளவுதான் அந்தப் பலகை.
இல்க்வார்ஸ் வாங்கிவந்தபோது
பெட்டி கூட இல்லை, அதற்குத் தனிக் காசாம்.
புகைபோட்ட மீன் தின்று தீர்த்த தகர டப்பாவைக்
கழுவித் துடைத்து
அதற்குள் குடிவைத்தான்.

தகரத்துக்குள் வைஃபை நுழையவில்லை.
இரண்டு நாள் மூக்கைச் சொறிந்து யோசித்து
மூடியைப் பிய்த்து எறிந்தான்.
எண்ணெய் வாசம் மட்டும் போகவே இல்லை.
பலகை சூடேறும் இரவுகளில்
கதாநாயகி அழ அழ
கூடத்தில் லேசாக மீன் மணக்கும்.

நான் டிராம் ஓட்டுகிறேன்.
லியெபாயாவில் ஒரே தடம்தான்,
போனால் அதே வழியில் திரும்ப வேண்டும்.
விடியுமுன் கிளம்பினால் மாலை வந்துவிடுவேன்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவனுக்கு
இரவுதான் பகல்.
நான் கதவைத் திறக்கும்போது
தலையணையில் ஒரு பள்ளம் இருக்கும், ஆள் இருக்கமாட்டான்.

ஆகவே ஒரே படத்தை இருவரும் பிட்டுத் தின்றோம்.
நான் நாற்பத்து மூன்றாம் நிமிடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்குவேன்.
காலையில் வந்து சாவி சுழற்றுபவனிடம்
'விட்ட இடத்திலிருந்து தொடரவா?' என்று கேட்கும் டப்பா.
தொடர் என்பான்.
முன்கதை தெரியாது, கேட்கவும் மாட்டான்.
மாலையில் எனக்கும் அதே கேள்வி,
இருபது நிமிடம் தள்ளி.
ஞாயிற்றுக்கிழமை பீட்ரூட் சூப்போடு
கிழிசலை ஒட்டுவோம்:
கேப்டனைக் கொன்றது யார்?
செத்துவிட்டானா? எப்போது?

ஒருமுறை அவன் நிறுத்தியிருந்தது
ஒருவன் இரண்டு கோப்பைகளைக் கழுவும் இடத்தில்.
கதையில் அங்கே ஒன்றுமே இல்லை.
ஏன் அங்கே?
கேட்க நினைத்து, கேட்காமல்,
நானும் அன்று அங்கேயே அணைத்துவிட்டேன்.

எல்லாப் படத்திலும் வலது மூலையில்
குட்டியாய் ஒரு மஞ்சள் மின்னல்.
படத்தோடு வந்ததென்றே இருந்தேன் மாதக்கணக்கில்.
கல்யாண விருந்திலும் மின்னல்,
பாலைவனத்திலும்.
இடி எப்போது விழும் என்று காத்திருப்பேன்.
கொழுந்தன் ஊகிஸ் வந்து சிரித்தான்:
'பழைய போன் சார்ஜரில் ஓட்டுகிறீர்களே அண்ணி,
மின்சாரம் போதவில்லை என்கிறது அது.'

போதவில்லை என்பதை
ஒரு மூலையில், சத்தமில்லாமல்,
வேலையை நிறுத்தாமலே சொல்கிறது.
அப்படி ஒரு மூலை என் நெற்றியில் இருந்தால்
எத்தனை சண்டை மிச்சம்.

அக்டோபர் புயலில் கடல் ஊருக்குள் தலைநீட்டியது.
மூன்று முறை கரண்ட் போய் வந்தது,
நான்காம் முறை போனதோடு சரி.
விரல்நகம் அளவு அட்டை ஒன்று
எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தோடு செத்துப்போனது.
அதில்தான் எங்கள் நிமிடங்கள் எல்லாம் இருந்தன.
படங்கள் வேறு வட்டில் பத்திரம்.
யார் எங்கே நிறுத்தினார்கள் என்பது மட்டும் போயிற்று.

மறுநாள் வெளிச்சம் வந்தபின்
அட்டையை அழித்துப் புதிதாய் எழுதினான்.
இணையம் வரவில்லை. பலகைக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது,
விழித்ததும் வெளியே கேட்டுத்தான் நாள் அறியும்.
கேட்க ஆளில்லாமல் அது காட்டியது:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.
நாங்கள் இருவரும் பிறந்திராத ஒரு வியாழக்கிழமை.

தடத்தில் மரம் விழுந்ததால் டிராம் இல்லை.
காற்று அடங்காததால் கிரேன் இல்லை.
அந்தக் கப்பல் படத்தை முதலிலிருந்து போட்டோம்.
தொடரவா என்று டப்பா கேட்கவில்லை.

கேப்டன் முதல் காட்சியிலேயே இருமுகிறான்!
எட்டு ஞாயிறு கொலையாளியைத் தேடியிருக்கிறோம்.
'பாவி, காசநோய்' என்று திரும்பினால்
இல்க்வார்ஸ் வாய்திறந்து தூங்குகிறான்.
இருபதாவது நிமிடம்.
நிறுத்தும் பொத்தான்மேல் என் கட்டைவிரல் போனது.
அவனுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டுமே, பழக்கம்.
அப்புறம், இங்கேதானே இருக்கிறான் என்று
விரலை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நல்ல சார்ஜர் வாங்கினான்.
மின்னல் வருவதில்லை.
படம் பார்க்கும்போது இப்போதும் என் கண்
அந்த மூலைக்குப் போய்
ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டு வருகிறது.