பெருக்கும் எண்

லிங்கிச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
தேசம்மா உட்கார்ந்தபடியே ஏறி வந்தாள்,
ஒவ்வொரு படிக்கும் ஊன்றுகோலை முதலில் மேலே வைத்து.
மனுவைத் தட்டியது நான்தான்.

தொழில் என்ன போடுவது?
"மீன் ஆயறது."
காசிமேட்டில் யாரோ வாங்கிய மீனைச்
செதில் தேய்த்து, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பது.
கிலோவுக்கு முப்பது. வஞ்சிரம் என்றால் நாற்பது.
ரசீது உண்டா என்றேன்.
விரலிடுக்குகளை விரித்துக் காட்டினாள்.
வருமானச் சான்று ஏதுமில்லை என்று தட்டினேன்.

எண்ணூர் விரைவுச் சாலை, விடியற்காலை மூன்று நாற்பது.
ஏலத்துக்குப் படகுகள் திரும்பும் நேரம்.
வரிசை கட்டி நின்ற கன்டெய்னர்களின் சந்திலிருந்து
சாம்பல் நிறக் கார்.
நிற்கவில்லை.
ஐஸ் வண்டி தர்மதுரை மட்டும் எண்ணைப் பார்த்து
மீன்பெட்டி மூடியில் ஆணியால் கீறி வைத்தான்.
அந்த மூடிதான் எங்கள் முதல் சான்று.
ஒரு வாரம் ஆபீஸ் முழுக்க நெத்திலி வாசம்.

வயது?
"பெரும்புயல் அடிச்சுதே, அதுக்கு மறு வருசம் பொறந்தேன்."
எந்தப் புயல் என்று அவளுக்கும் தெரியவில்லை.
ஆதாரில் ஜனவரி ஒன்று; அந்தக் கணக்கில் நாற்பத்தாறு.
நாற்பத்தைந்து என்றால் வருட வருமானத்தைப் பதினான்கால் பெருக்குவார்கள்.
நாற்பத்தாறு என்றால் பதின்மூன்று.
"இன்னாத்தப் பெருக்குவாங்கோ, வாசலையா?"
வக்கீல் சாதிக் சிரித்தார்.
பிறகு ஆதார் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கத்தில் வேறு தேதி இருக்கும் என்பதைப் போல.

குறுக்கு விசாரணை.
இன்சூரன்ஸ் வக்கீல் மரியாதையானவர், அம்மா என்றுதான் கூப்பிட்டார்.
"மீன் வெட்டுறது கையாலதானேம்மா? கால் எதுக்கு?"
அரிவாள்மணையைக் கொண்டுவந்திருந்தாள்தான்.
கேட்டிலேயே போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது.
ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.
இல்லாத மணையின் முன்னால்
இல்லாத சங்கராவை இரண்டு கையாலும் பிடித்தாள்.
"பலகைய இந்தக் கால்தான் சார் அமுக்கணும்,
அமுக்கலன்னா மணை நவுரும், வெரல் போவும்."
அமுக்கிக் காட்டினாள்.
கால் அமுக்கவில்லை.
மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"வெள்ளைக் கோட்டில் கடந்தீங்களா?"
"கோடு எங்க சார் கீது? நீ வந்து காட்டு, அதுலயே நடக்கறேன்."
சாட்சி கோட்டில் கடக்கவில்லை
என்று பதிவானது.

மூன்று வருடம் கழித்துத் தீர்ப்பு.
மாதம் ஒன்பதாயிரம் சம்பாதித்திருப்பாள் என்று அனுமானம்.
ஊனம் நாற்பது சதவீதம்.
கவனக்குறைவில் அவள் பங்கு இருபது; கோடு தேய்ந்ததில்
யார் பங்கும் இல்லை.
வலிக்கும் வேதனைக்கும் என்று ஒரு தொகை தனியாக.
வலி வேறு, வேதனை வேறு என்று
சட்டத்துக்குத் தெரிந்திருந்தது.
மனு போட்ட நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டி.
"ஏழரையா? வட்டிக்குமா புடிச்சுது?" என்றாள் தேசம்மா.
ஆனால் நகலை மடிக்காமல், கசங்காமல்,
எக்ஸ்ரே உறைக்குள் வைத்துக்கொண்டாள்.
தங்கச்சி மகன் மணையைப் பெஞ்சில்
நட்டு போட்டு இறுக்கிக் கொடுத்திருக்கிறானாம்.
நாளுக்குப் பத்துக் கிலோ ஆகிறதாம். முன்பு நாற்பது.

அன்றிரவு படுத்தபடி கணக்குப் போட்டேன்:
பதின்மூன்று பதினான்காகியிருந்தால்
நாற்பத்து மூவாயிரத்து இருநூறு ரூபாய் கூடியிருக்கும்,
இருபது கழிப்பதற்கு முன்னால்.
ஆதார் முகாமில் எவனோ சோம்பேறித்தனமாகத் தட்டிய
ஜனவரி ஒன்று.
நானும் தட்டுகிறவன்தான்.

சாயங்காலம் பாரிமுனையில் ரோட்டைக் கடக்க நிற்கிறேன்.
எனக்கு முப்பத்து நாலு; என் எண் பதினாறு.
பக்கத்தில் காலேஜ் பை மாட்டிய பெண், பதினெட்டு.
துணி மூட்டை சுமக்கும் அண்ணன், ஐம்பதைத் தாண்டியிருப்பார்,
பதினொன்று.
பூக்கூடையோடு ஒரு கிழவி, ஐந்து.
சிக்னல் எரியவில்லை. கோடும் இல்லை.
கிழவிதான் முதலில் இறங்குகிறாள்,
வருகிற பஸ்ஸைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டே.
நாங்கள் அந்தக் கைக்குப் பின்னால் நடக்கிறோம்.