தேதி போட்ட உயரம்

வாசாவுக்கு வடக்கே, பொத்னியா வளைகுடாவில்
வருடத்துக்கு எட்டு மில்லிமீட்டர்
கடல் இறங்கிப்போகிறது.
கடல் இல்லை, திருத்துகிறாள் ஹென்ரிகா.
நிலம்தான் எழுகிறது.
ஒரு காலத்தில் இந்தக் கரைமேல்
கிலோமீட்டர் கணக்கில் பனி உட்கார்ந்திருந்தது.
எழுந்து போய்ப் பத்தாயிரம் வருடம்.
மூட்டை இறக்கியவன் தோள்
உடனேயா நிமிரும்?

"அளக்கிறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு ஐந்து வருஷமா?"
கேட்டது அண்ணன், லாரி ஓட்டுபவன்.
கேட்கும்போதே அவன் வண்டியில் ஒரு குரல்
இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பச் சொன்னது.
திரும்பினான்.

புவி அளவையியல், புவித்தகவலியல்.
சேர்க்கைப் படிவத்தின் கட்டத்துக்குள்
இரண்டும் அடங்கவில்லை.
வகுப்பில் பதினொரு பேர்.
முதல் மாதமே பூமியின் வடிவத்தைக் கழற்றிவிட்டார்கள்:
உருண்டை இல்லை, முட்டையும் இல்லை,
காற்றும் அலையும் ஓய்ந்தால்
கடல் எங்கே வந்து நிற்குமோ, அது.
கண்ணுக்குத் தெரியாது.
தண்ணீருக்குத் தெரியும்.

இரண்டாம் கோடையில்
நான்கு கிலோமீட்டர் மட்டம் பார்த்துச் சுற்றிவந்து
தொடங்கிய கல்லிலேயே முடித்தபோது
கல் பதினேழு மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது.
"இரண்டு வருஷ எழுச்சி,
மதியச் சாப்பாட்டுக்குள் நடந்தது என்று எழுதிவிடலாம்"
என்றான் இல்மோ.
மறுபடி நடந்தார்கள்.
கொசு, சதுப்பு, கொசு.
ஒன்பதாம் நிறுத்தத்தில் முக்காலியின் ஒரு கால்
பாசிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது,
பேருந்தில் தூங்குகிறவன் தலை போல.

இல்மோ இப்போது காற்றாலை அடித்தளங்களில்.
சம்பளம் பெரிது, பூட்ஸில் சேறு அதைவிடப் பெரிது.
சானா இரவெல்லாம் செயற்கைக்கோளுக்கு லேசர் அனுப்பி
திரும்பி வரும் ஒளித்துகளை எண்ணுகிறாள்.
மேகம் வந்தால் தூங்கலாம்.
இன்னொருவன் எல்லை தாண்டிப் போய்
சுரங்கம் தின்னும் ஒரு ஊர்
வாரம் எவ்வளவு சரிகிறது என்று பார்க்கிறான்.
பட்டம் வாங்கும் முன்பே பதினொரு பேருக்கும் வேலை.
அண்ணன் இன்னும் அதே கேள்வியைக் கேட்கிறான்.

ஹென்ரிகாவுக்கு நில அளவை அலுவலகம். இன்று
சிக்னே, குன்வோர் என்ற அக்காள் தங்கையின் கரை.
1911-ஆம் வருடப் பத்திரம் "கடல்வரை" என்கிறது.
படகுக் கொட்டகையின் கதவோ புல்லில் திறக்கிறது.
கொட்டகைக்கும் தண்ணீருக்கும் நடுவே
நூற்று முப்பது மீட்டர்,
பத்திரம் எழுதிய கை பார்த்திராத பூமி.
அதில் ஒரு பிர்ச் மரம்.
மரம் தனக்கு வேண்டும் என்கிறாள் சிக்னே.
படகை இழுக்க அந்த வழிதான் என்கிறாள் குன்வோர்.
சட்டமோ, எழுந்த நிலம்
தண்ணீரை வைத்திருந்தவர்களுக்கு என்கிறது:
நாற்பத்து மூன்று நீர்ப் பங்காளிகள்,
அவர்களிடம் விலை பேசித்தான் வாங்க வேண்டும்.

கடல் கொண்ட ஊர்களின் கதை நம்மிடம் நிறைய.
கடல் திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வது என்று
நாம் யோசித்ததே இல்லை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்போம்.
இங்கே கடல் போட்டதை
அளந்து எடுக்கிறார்கள்.

கோலை நட்டுக் குமிழி நடுவில் நிற்கக் காத்திருக்கிறாள்.
"ஒரு நிமிடம், பேசாமல் இருங்கள்."
"ஏன், செயற்கைக்கோளுக்குக் கேட்குமா?"
"எனக்குக் கேட்கும்."

வடக்கு, கிழக்கு, உயரம் எழுதி
பக்கத்தில் தேதியும் எழுதுகிறாள்.
"தேதி எதற்கு?"
"தேதி இல்லாத உயரம்
இந்தக் கரையில் பாதிப் பொய்."
சிக்னே மரத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
குன்வோர் காப்பிக் குவளையைக் கொண்டுவந்து
புதிதாக நட்ட எல்லைக்கல்லின் தலையில் வைத்தாள்.
வைக்கக் கூடாது. ஹென்ரிகா சொல்லவில்லை.

அந்தக் காப்பியைக் குடித்து முடிக்கும் நேரத்தில்
கரை எவ்வளவு எழுந்திருக்கும் என்று
வண்டியில் ஏறியபின் கணக்குப் போட்டாள்.
தசமப் புள்ளிக்குப் பிறகு நிறைய சுழிகள்.
கடைசியில் ஒரு எண் இருந்தது.