ஷட்டர்

மருந்துச் சீட்டின் பின்பக்கம்
டாக்டர் ஜெசிந்தா ஒரு கோடு இழுத்தார்.
நடுமூளையிலிருந்து முன்னால் போகும் பாதையாம்.
"பக்கிரிசாமி, ஆசை ஓடுற வாய்க்கா இதுதான்."

எனக்கா வாய்க்கால் சொல்லித் தருகிறீர்கள்?
பத்தொன்பது வருஷம் மூணாறு தலைப்பில் லஸ்கர்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு
மூன்றுக்கும் கைப்பிடி சுற்றிய தோள் இது.
சொல்லவில்லை.
கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மேட்டூர் திறந்தாச்சு என்று டீக்கடை டிவியில் வந்தால் போதும்,
கடைமடைக்காரன் அன்றைக்கே விதை ஊறப்போடுவான்.
தண்ணீர் வரப் பத்து நாள் ஆகும்.
வராமலும் போகும்.
சந்தோஷம் சேதிக்குத்தான்.

எனக்கும் அப்படித்தான்.
முதலில் குடித்தால் இனித்தது.
பிறகு மூடி திருகும் சத்தத்துக்கே இனித்தது.
பிறகு பன்னிரண்டு மணிக்குக்
கடை ஷட்டர் மேலே ஏறும் கரகரப்புக்கு.
என் மதகு ஷட்டருக்கும் அதே கரகரப்பு;
வேலை நேரத்திலும் எச்சில் ஊறும்.
கடைசியில் பாட்டிலுக்குள் ஒன்றுமில்லை,
கசப்பும் ஓங்கரிப்பும் தவிர.
வேணும் வேணும் என்பது மட்டும் கரை புரண்டது.

வெள்ளம் ஏறினால் வயல்காரன் என்ன செய்வான்?
மண்ணை வெட்டிப் போட்டு வாமடையை அடைப்பான்.
மூளையும் அதைத்தான் செய்ததாம்.
இலக்கியா மாவட்டப் போட்டியில் ஈட்டி எறிந்து
மெடலோடு வந்து நின்றாள்.
"ம்" என்றேன்.
ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.
அவள் மெடலைக் கழற்றி
ஆணியில், என் காக்கிச் சட்டைக்கு மேல்
மாட்டிவிட்டுப் போனாள்.

"அடைச்ச மண்ணு கரைய மாசக்கணக்காகும்.
சிலது அப்படியே இருக்கும்."
டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர்.

இன்று நாற்பத்தொன்றாம் நாள்.
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கிறது.
பஸ் அணைத்துக் கிடக்கிறது. உச்சி வெயில்.
எங்கோ இடதுபக்கம்
கரகரவென்று ஒரு ஷட்டர்.
திரும்பிப் பார்க்கவில்லை.
நாக்கின் அடியில் ஊறிவிட்டது.
நான் எழுவதற்குள் கால் எழுந்துவிட்டது.

வழியில் ஒரு அம்மாள்
கருவாட்டுக் கூடையைக் குறுக்கே வைத்திருந்தாள்.
"எங்க எறங்குற? இப்ப கேட்டு தொறந்துருவான், ஒக்காரு."
தாண்டப் பார்த்தேன். கூடை நகரவில்லை, அவளும்.
உட்கார்ந்தேன்.
கூட்ஸ் வண்டி. எண்ணினேன்.
முப்பத்தெட்டா முப்பத்தொன்பதா, நடுவில் தவறிவிட்டது.

டாக்டர் மன உறுதி என்று எழுதிக்கொள்வார்.
கருவாடு என்று எழுதச் சொல்ல வேண்டும்.