மூன்றாவது மாஸ்க்

தஞ்சாவூரில் ஒரு ராத்திரி
தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்து
காலையில் ஒரு தாளை நீட்டினார்கள்.
மணிக்கு முப்பத்தெட்டு முறை
என் மூச்சு நின்று நின்று வருகிறதாம்.
மழை நாளில் எங்கள் கொள்முதல் நிலையத்தில்
அத்தனை மூட்டைகூட எடை ஏறாது.

அதுவரை ஊர் சொன்னது வேறு:
பில் போடுற அம்மா உட்கார்ந்தே தூங்குது,
வீட்டில் வேலை அதிகம் போல.
குறட்டை விடுகிறவள் என்று யாரும் சொல்லவில்லை.
இவர் மட்டும் சொல்லாமல் சொன்னார்,
பாயைச் சுருட்டிக்கொண்டு
டிவி இருக்கும் அறைக்குப் போய்.

கூத்தாநல்லூர் ஹாஜா மெஷினை வைத்துவிட்டு
பையிலிருந்து முதல் மாஸ்க்கை எடுத்தான்.
வாய், மூக்கு இரண்டையும் மூடுவது.
கண்ணாடியில் பார்த்தால்
புகையானுக்கு மருந்தடிக்கப் புறப்பட்டவள்.
மல்லாந்து படுத்தால் சரியாம்.
நான் பிறந்ததிலிருந்து ஒருக்களித்தே படுக்கிறவள்.
நாலு நாளில் கன்னத்தில்
கயிறு அழுத்திய மூட்டைபோல் தடம்.

இரண்டாவது,
மூக்கின் ஓட்டைக்குள் செருகும் இரண்டு ரப்பர் மொட்டு.
எடையே தெரியாது என்றான். தெரியவில்லைதான்.
தேங்காயெண்ணெய்த் தலையில் பட்டை வழுக்கி
நடுராத்திரி கழுத்தில் கிடந்தது.
எண்ணெயை விட்டேன்.
அப்புறம் மூக்குக்குள் புண்.

மூன்றாவது மூக்கை மட்டும் மூடும் முக்கோணம்.
திரும்பினால் கூடவே திரும்பியது.
ஆனால் விசிலடித்தது.
மூன்று மணிக்கு இவர் எழுந்து
"பால்காரன் வந்துட்டானா?" என்று
வாசல் கதவைத் திறந்தார்.
மெஷின் திரையில் சிவப்பாக ஓர் அழுமூஞ்சி.

ஹாஜா பட்டையை இறுக்கினான், தளர்த்தினான்,
பிறகு தரையைப் பார்த்தபடி
"அக்கா, வலது பக்கம்..." என்று நிறுத்திக்கொண்டான்.

எட்டுக்கல் பேசரி.
பன்னிரண்டு வயதில் குத்தியது,
பிரசவத்துக்குக்கூடக் கழட்டாதது.
திருகு சதையோடு ஒட்டிப்போயிருந்தது.
சோப்பு நுரை போட்டு
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இவர்தான் அரைமணி நேரம் திருகினார்.
இத்தனை வருஷத்தில் என் மூக்கை
அவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததில்லை.

அன்று விசில் இல்லை.
கனவு வந்தது.
பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு லாரி
பின்னால் பின்னால் வந்துகொண்டே இருந்தது.
ஆனாலும் கனவு.

பேசரியை மெஷின் பக்கத்திலேயே மறந்து
நீடாமங்கலத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன்.
சம்பா நெல் வாசல்வரை குவிந்து கிடந்தது.
"பத்தொன்பது காட்டுது, பதினேழுக்கு இறங்கணும்,
இன்னும் காயவைங்க" என்றேன்.
சண்டைக்கு வாயைத் திறந்த பூவனூர் சம்மந்தம்
என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.
தோளிலிருந்து துண்டை எடுத்தார்.
"எப்பம்மா? எனக்குத் தகவலே இல்லையே."

விளங்க ஒரு நிமிஷம் ஆனது.
விளங்கியதும் சிரித்தேன்.
சிரித்ததும் அவர் இன்னும் பயந்தார்.
"அவரு நல்லா இருக்காருங்க.
நான் தூங்கினேன், அவ்வளவுதான்."

பாய் என் அறைக்குத் திரும்பி வந்திருக்கிறது.
சத்தமில்லாமல் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.
இருட்டில் குழாயின்மேல் கை வைத்து
காற்று ஓடுகிறதா என்று பார்ப்பாராம்.
கரண்ட் போனால் எனக்கு முன்னால் எழுகிறார்.

பகலில் பேசரி, ராத்திரியில் மாஸ்க்.
இடையில் ஓட்டை தூர்ந்துவிடும் என்று
வேப்பங்குச்சி செருகச் சொல்கிறார்.
அதற்கு விசிலடிக்குமா என்று
ஹாஜாவுக்குப் போன் போட்டேன்.
"ட்ரை பண்ணிப் பாருங்கக்கா."

நேற்று செருகிப் படுத்தேன்.
மெலிசாய் அடித்தது.
இவர் புரண்டு படுத்து
"பால்காரன் இல்ல" என்றார்,
தூக்கத்திலேயே.